கேள்வி பதில்: புகைபோக்கிக்கு முன்னாடியே கோடாரி வந்துடுச்சு

போன இதழ்ல "பூமி சூடாகறதுல நிலத்துக்கும் பெரிய பங்கு இருக்கு"ன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன். அதை கெட்டியா பிடிச்சுக்கிட்டு நிறைய பேர் எழுதியிருக்கீங்க, சிலர் கோவமாவே. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் சேர்த்து இந்த தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: நிலக்கரியும் பெட்ரோலும் எரிச்சதால தான கிளைமேட் மாறுது? இதுல விவசாயியை எதுக்கு சார் இழுக்கறீங்க?

விவசாயியை இழுக்கல சார், நிலத்தை தான் இழுத்தேன். இன்னிக்கு தேதிக்கு முதல் குற்றவாளி நிலக்கரி, பெட்ரோல், கேஸ் தான், அதுல ரெண்டாவது கருத்தே கிடையாது. ஆனா கணக்கை 1850ல ஆரம்பிச்சு போட்டுப் பாருங்க, மனுசன் காத்துல விட்ட மொத்த கார்பன் டை ஆக்சைடுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு காட்டை அழிச்சு வயலாவும் மேய்ச்சல் நிலமாவும் மாத்தினதுல வந்தது. அது மட்டுமில்ல, சுமார் 1950 வரைக்கும் வருசாவருசம் வெளிய போன கார்பன்ல நிலத்தோட பங்கு தான் பெருசா இருந்துச்சு, அதுக்கப்புறம் தான் கரியும் எண்ணெயும் முந்திக்கிட்டு எங்கயோ போயிடுச்சு.

காய்ஞ்ச மரத்தோட எடையில பாதி கார்பன். வெட்டி எரிச்சா அன்னிக்கே காத்துக்கு போகும், அழுக விட்டா கொஞ்ச வருசம் எடுத்துக்கும். பல பேருக்கு இது வரைக்கும் தெரியும். தெரியாதது மண்ணு. காத்துல இருக்கற கார்பனையும் செடி கொடி மரம் எல்லாத்துலயும் இருக்கற கார்பனையும் ஒண்ணா கூட்டினாலும் மண்ணுக்குள்ள இருக்கறது அதை விட ஜாஸ்தி. ஏர் உள்ள இறங்கி மண்ணை புரட்டினதும் அதுல ஆக்சிஜன் படுது, நுண்ணுயிருங்க இத்தனை காலமா சேர்ந்து கிடந்த மக்கை எல்லாம் தின்னு தீர்த்து கார்பன் டை ஆக்சைடா வெளிய விடுது. விவசாயம் ஆரம்பிச்சதுல இருந்து மேல் ரெண்டு மீட்டர் மண்ணு மட்டும் 11,000 கோடி டன்னுக்கு மேல கார்பனை இழந்திருக்கும்னு 2017ல ஒரு கணக்கு வந்துச்சு.

ஐநாவோட காலநிலைக் குழு 2019ல நிலத்துக்குன்னே தனி அறிக்கை போட்டாங்க. அதுப்படி 2007ல இருந்து 2016 வரைக்கும் மனுசன் வெளியிட்ட பசுமை இல்ல வாயுல சுமார் 23 சதவீதம் விவசாயம், காடு, மத்த நில உபயோகத்துல வந்தது. காடழிப்போட, மாடு ஆடு வயித்துலயும் தண்ணி கட்டின நெல் வயல்லயும் உருவாகற மீத்தேன், நைட்ரஜன் உரம் போட்டதுல கிளம்பற நைட்ரஸ் ஆக்சைடு எல்லாம் இதுல அடங்கும். இந்த கடைசி ஆசாமியை யாரும் கண்டுக்கறதே இல்ல, ஆனா ஒரு டன் நைட்ரஸ் ஆக்சைடு நூறு வருச கணக்குல 270 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு சமமா சூடாக்கும்.

கேள்வி: மெஷின் எல்லாம் வர்றதுக்கு ஆயிரக்கணக்கான வருசம் முன்னாடியே மனுசன் கிளைமேட்டை மாத்திட்டான்னு ஒரு வீடியோல பார்த்தேன். கப்சாவா?

கப்சா இல்ல, ஆனா முடிஞ்சு போன தீர்ப்பும் இல்ல. வில்லியம் ரடிமன்னு அமெரிக்காவோட வர்ஜீனியா பல்கலைக்கழகத்து விஞ்ஞானி 2003ல கிளப்பின விவகாரம் இது. அண்டார்டிகா பனியில தொளை போட்டு எடுத்த பனித் தண்டுல பழைய காத்து குமிழி குமிழியா மாட்டிக்கிட்டு இருக்கும், அதை அளந்தா அந்தந்த காலத்து காத்துல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சிடும். முந்தின பனியுகங்களுக்கு நடுவுல வந்த வெதுவெதுப்பான காலங்கள்ல எல்லாம் கார்பன் டை ஆக்சைடு முதல்ல ஏறி அப்புறம் மெதுவா இறங்கிக்கிட்டே போகும். நம்ம காலத்துல மட்டும் கொஞ்ச தூரம் இறங்கிட்டு சுமார் 7,000, 8,000 வருசத்துக்கு முன்னாடி திரும்ப ஏற ஆரம்பிக்குது, பத்து லட்சத்துல 260 பங்குல இருந்து 280 வரைக்கும். மீத்தேனும் அதே மாதிரி, சுமார் 5,000 வருசம் முன்னாடி திசை திரும்புது. ரடிமன் என்ன சொன்னார்னா, முதல் ஏத்தத்துக்கு காரணம் விவசாயத்துக்காக காட்டை எரிச்சது, ரெண்டாவதுக்கு ஆசியாவுல தண்ணி தேக்கி நெல்லு போட்டதும் கால்நடை பெருகினதும்.

உடனே எல்லாரும் பாய்ஞ்சுட்டாங்க. அன்னிக்கு உலகத்துல இருந்த ஜனத்தொகையே கொஞ்சம், அவ்ளோ காட்டை எப்படி அழிச்சிருப்பாங்கன்னு கேட்டாங்க. கடலோட ரசாயனமே பனியுகம் முடிஞ்ச பிறகு மெதுவா சமநிலைக்கு வர்றப்ப இந்த மாதிரி கார்பனை வெளிய விடும்னும், பனித் தண்டுல கார்பன் ஐசோடோப் (ஒரே தனிமத்துல எடை மட்டும் வேறயா இருக்கற அணு வகை, எங்க இருந்து வந்துச்சுன்னு காட்டிக் கொடுக்கும்) பார்த்தா பெரும்பங்கு கடல்ல இருந்து வந்த மாதிரி தான் இருக்குன்னும் வாதம் வந்துச்சு. அதுக்கு அவர் பதில், ஆதி விவசாயி இன்னிக்கு மாதிரி ஒரே வயலை பிடிச்சுக்கிட்டு இருக்க மாட்டான், எரிப்பான், ரெண்டு மூணு போகம் எடுப்பான், மண்ணு சலிச்சா விட்டுட்டு அடுத்த காட்டுக்கு போவான், அதனால ஒரு ஆளுக்கு அப்ப செலவான நிலம் இன்னிக்கு ஆகறதை விட பல மடங்குன்னு.

என் கருத்து கேட்டா, கார்பன் விசயத்துல அவர் சொன்ன அளவுக்கு மனுசன் மேல போட முடியாது, ஆனா மீத்தேன் விசயத்துல அவர் கை ஓங்கி தான் இருக்கு. அதை விட முக்கியம், "பழைய காலத்து மனுசன் நிலத்தை தொடவே இல்ல"ங்கற நினைப்பு உடைஞ்சு போச்சு. 2019ல 250க்கும் மேற்பட்ட தொல்லியல் ஆளுங்க சேர்ந்து உலகம் பூரா தகவல் திரட்டினப்ப, 3,000 வருசத்துக்கு முன்னாடியே வேட்டையாடறவங்க, மேய்க்கறவங்க, பயிர் வைக்கறவங்க சேர்ந்து பூமியோட பெரும்பகுதியை மாத்தியிருந்தாங்கன்னு முடிவு வந்துச்சு. 1086ல இங்கிலாந்துல ராஜா எடுத்த நிலக் கணக்குப்படி பார்த்தா அப்பவே அங்க காடு 15 சதவீதம் போல தான் மிச்சம். நீராவி எஞ்சின் வர 600 வருசத்துக்கும் மேல இருக்கு அப்ப!

கேள்வி: ஐரோப்பாக்காரங்க அமெரிக்காவுக்கு போனதால உலகமே குளிர்ந்துச்சுன்னு சொல்றாங்களே?

நீங்க சொல்றது லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆளுங்க 2019ல எழுதின ஆய்வு. 1492க்கு முன்னாடி ரெண்டு அமெரிக்கா கண்டத்துலயும் சேர்த்து சுமார் 6 கோடி பேர், அதுக்கப்புறம் நூறு வருசத்துல அம்மை மாதிரி நோயாலயும் போராலயும் அடிமைத்தனத்தாலயும் பத்துல ஒன்பது பேர் செத்துட்டாங்க, அவங்க பயிர் வச்ச சுமார் 5.5 கோடி ஹெக்டேர்ல திரும்ப காடு முளைச்சு கார்பனை இழுத்துச்சுன்னு கணக்கு. 1600களோட ஆரம்பத்துல காத்துல கார்பன் டை ஆக்சைடு இறங்கினது பனித் தண்டுல பதிவாகி இருக்கு, அது உண்மை. ஆனா அந்த இறக்கம் திடீர்னு வந்துச்சா மெதுவா வந்துச்சா, அதுல காடு எவ்வளவு, அந்த நேரத்து இயற்கையான குளிர் எவ்வளவுன்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. "உலகமே குளிர்ந்துச்சு"ன்னு தலைப்பு போடற அளவுக்கு தைரியம் எனக்கு இல்ல. இத்தனை கோடி பேர் செத்தும் அந்த இறக்கம் பத்து லட்சத்துல 7ல இருந்து 10 பங்கு தான், இப்ப நாம நாலு வருசத்துல ஏத்திடறோம்.

கேள்வி: காடு இருந்தா மழை வரும், வெட்டினா வராதுன்னு சொல்றது விஞ்ஞானமா, பெரியவங்க நம்பிக்கையா?

ரெண்டும் தான், ஆனா எல்லா ஊர் காட்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

நம்பிக்கை ரொம்ப பழசு. கிரேக்கத்துல தியோஃப்ராஸ்டஸ், அரிஸ்டாட்டிலோட சீடர், காட்டை வெட்டினா சதுப்பை வடிச்சா அந்த பக்கத்து குளிரும் வெப்பமும் மாறுதுன்னு அப்பவே எழுதி வச்சார். 1800ல ஹம்போல்ட்னு ஜெர்மன் ஆராய்ச்சியாளர் வெனிசுலாவுல வலென்சியா ஏரி வத்திக்கிட்டே வர்றதை பார்த்துட்டு, சுத்தி இருக்கற காட்டை அழிச்சதும் ஓடைத் தண்ணியை தோட்டத்துக்கு திருப்பினதும் தான் காரணம்னார். இருபது வருசம் கழிச்சு பூசங்கோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் அதே ஏரிக்கு போறார், தண்ணி ஏறியிருக்கு! நடுவுல விடுதலைப் போர் நடந்து தோட்டமெல்லாம் கைவிடப்பட்டு காடு திரும்ப வந்திருந்துச்சு.

அசல் நிரூபணம் அமேசான்ல வந்தது. எனியாஸ் சலாட்டின்னு பிரேசில் விஞ்ஞானி 1970கள்ல மழைத்தண்ணியில இருக்கற ஆக்சிஜன் ஐசோடோப்பை அட்லாண்டிக் கரையில இருந்து உள்நாடு வரைக்கும் இடம் இடமா அளந்தார். கடல்ல இருந்து நேரா வந்த தண்ணி மேற்க போகப்போக ஒரு மாதிரி மாறணும், ஆனா எதிர்பார்த்த அளவுக்கு மாறல, ஏன்னா விழுந்த மழையை மரங்க வேரால உறிஞ்சி இலை வழியா திரும்ப காத்துக்கு அனுப்பி அதே தண்ணி மறுபடி மறுபடி மழையா விழுது. அமேசான் மழையில கிட்டத்தட்ட பாதி அந்த காடே உண்டாக்கறதுன்னு அவர் காட்டினார். அந்த ஈரம் அங்கயே நிக்கறதும் இல்ல, ஆண்டிஸ் மலையில முட்டி தெற்க திரும்பி பிரேசிலோட விவசாயப் பகுதிக்கு போகுது. ஆக சோயா போடறதுக்காக காட்டை வெட்டறவன் சோயாவுக்கு வர வேண்டிய மழையையும் சேர்த்து தான் வெட்டறான். இது வரைக்கும் ஆறுல ஒரு பங்கு போல காடு போயிடுச்சு, 20ல இருந்து 25 சதவீதத்தை தொட்டா பெரும்பகுதி புல்வெளியா மாறிடலாம்னு லவ்ஜாய், நோப்ரேன்னு அமேசானை ஆராய்ஞ்ச ரெண்டு விஞ்ஞானிங்க 2018ல எச்சரிச்சாங்க.

இப்ப இதுக்கு நேர் எதிர் கதை. 1970கள்ல ஆப்பிரிக்காவுல சஹாரா பாலைவனத்துக்கு தெற்கு ஓரமா இருக்கற சாஹெல்ல கொடும் பஞ்சம். 1975ல சார்னின்னு பேர் பெத்த வானிலை நிபுணர், மாடு மேய்க்கறவங்க புல்லை மொட்டையா மேய விட்டதால தரை வெளுத்து, சூரிய ஒளி அதிகமா திரும்பிப் போய், மேல காத்து கீழ இறங்கி மழை நின்னுடுச்சுன்னு ஒரு அழகான விளக்கம் கொடுத்தார். பௌதிகம் சரி தான், ஆனா ஆளு தப்பு. பின்னாடி வந்த ஆய்வுல அந்த வறட்சிக்கு முக்கிய காரணம் கடல் மேற்பரப்பு வெப்பம் மாறினதுன்னு தெரிஞ்சுது, அதுக்கு பணக்கார நாட்டு ஃபேக்டரி புகையும் ஒரு காரணமா இருந்திருக்குன்னு ஆய்வுங்க சொல்லுது. அது வரைக்கும் அந்த ஏழை மேய்ப்பனுங்க தான் திட்டு வாங்கிக்கிட்டு இருந்தாங்க.

கேள்வி: அப்ப எல்லா இடத்துலயும் மரம் நட்டா பூமி குளிர்ந்துடும், சரியா?

இல்லைங்க. கருப்பு சட்டை போட்டுக்கிட்டு வெயில்ல நின்னா சுடற மாதிரி தான் இருண்ட காடும். புதுப் பனி தன் மேல விழற வெளிச்சத்துல 80 சதவீதத்துக்கும் மேல திருப்பி அனுப்பிடும், ஊசியிலைக் காடு 10, 15 சதவீதம் அனுப்பினாலே பெருசு. சைபீரியா, கனடா வடக்கு மாதிரி பாதி வருசம் பனி கிடக்கற இடத்துல பனிவெளியில போய் காட்டை வளர்த்தா, அது கார்பனை இழுத்து குளிர்விக்கற அளவுக்கு கிட்டத்தட்ட அதோட இருட்டு நிறமே சூடாக்கிடலாம். வெப்பமண்டலத்துல கதையே வேற, அங்க மரம் தண்ணியை ஆவியாக்கி சுத்துப்புறத்தை குளிர வைக்குது, மேகம் உண்டாக்குது, கார்பனையும் சேர்த்து வைக்குது. அதனால ஒரு ஏக்கர் காடு அழியறது எங்கங்கறதை பொறுத்து பலன் தலைகீழா மாறும். மரக்கன்னு எண்ணிக்கையை மட்டும் விளம்பரம் பண்றவங்க இதை சொல்றதே இல்ல.

கேள்வி: சதுப்பு நிலத்தை வடிகட்டி விவசாயம் பண்றது நல்லது தானே? சும்மா கிடக்கற சேறு தான அது?

இந்த கேள்விக்காக தான் காத்துக்கிட்டு இருந்தேன். பீட்னு சொல்ற கருப்பு சதுப்பு மண்ணு, தண்ணிக்குள்ள மூழ்கி ஆக்சிஜன் கிடைக்காததால அழுகாம ஆயிரக்கணக்கான வருசமா அடுக்கடுக்கா படிஞ்ச செடி கொடி. உலக நிலத்துல வெறும் 3 சதவீதம், ஆனா உலகத்து காட்டு மரம் எல்லாத்துலயும் நிக்கற கார்பனை விட இதுக்குள்ள அதிகம்.

இங்கிலாந்துல கேம்பிரிட்ஜுக்கு வடக்க ஃபென்ஸ்னு ஒரு தாழ்வான பகுதி. 1850களோட ஆரம்பத்துல அங்க ஒரு பெரிய ஏரியை பம்பு போட்டு வடிச்சப்ப, மண்ணு எவ்வளவு அமுங்குதுன்னு பார்க்க ஹோம்ங்கற இடத்துல ஒரு இரும்புத் தூணை அடியில இருக்கற களிமண் வரைக்கும் இறக்கி அதோட தலை தரையோட தரையா இருக்கற மாதிரி நட்டாங்க. இன்னிக்கு அந்த தூண் தரைக்கு மேல 4 மீட்டர் உயரம் நிக்குது. தூண் வளரல, மண்ணு தான் இறங்கிடுச்சு, வத்தி அமுங்கினது போக மிச்சமெல்லாம் கார்பன் டை ஆக்சைடா காத்துல போயிடுச்சு, அந்த இடம் இப்ப கடல் மட்டத்துக்கும் கீழ, பம்பு நின்னா தண்ணி உள்ள வந்துடும். ஒரு நிலம் காத்துல கரைஞ்சு போறதை கண்ணால பார்க்கணும்னா அந்த போட்டோவை தேடிப் பாருங்க.

இந்தோனேசியாவுல இன்னும் மோசம். 1990களோட நடுவுல அதிபர் சுகார்தோ ஆட்சியில போர்னியோ தீவுல இருக்கற மத்திய கலிமந்தான்ல 10 லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்கறோம்னு கிளம்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டினாங்க. நெல்லு சொல்லிக்கற மாதிரி விளையவே இல்ல, பீட் புளிப்பு மண்ணு, எப்படி விளையும்? தண்ணி மட்டும் ஒழுங்கா வடிஞ்சுது. 1997ல எல் நீனோ வறட்சி (பசிபிக் கடல் சூடாகறப்ப அந்த பக்கம் வர்றது) வந்ததும் காய்ஞ்ச பீட் தீ பிடிச்சு தரைக்கு அடியில மாசக்கணக்குல எரிஞ்சுது, புகை பக்கத்து நாடெல்லாம் மூடிடுச்சு. அந்த ஒரு வருசம் இந்தோனேசியாவுல பீட்டும் காடும் எரிஞ்சதுல மட்டும், உலகம் முழுக்க கரி எண்ணெய் எரிச்சு விட்டதுல 13ல இருந்து 40 சதவீதத்துக்கு சமமான கார்பன் வெளிய போயிருக்கும்னு மதிப்பிட்டாங்க. மதிப்பீட்டுல இடைவெளி பெருசு தான், ஆனா கீழ் எல்லையே பயமா இல்ல? இதுல இருக்கற ஒரே நல்ல சேதி, வாய்க்காலை அடைச்சு தண்ணியை திரும்ப ஏத்தினா கார்பன் போறது பெரும்பாலும் நின்னுடும். கொஞ்சம் மீத்தேன் வரும், ஆனாலும் லாபம் தான்.

கேள்வி: உழறதால வறட்சி வருமா?

வறட்சி தானா வரும், உழவு அதை பேரழிவாக்கும். அமெரிக்காவோட நடு சமவெளியில 1870, 80கள்ல "ஏர் போற இடத்துக்கு மழை பின்னாடியே வரும்"னு நிலம் விக்கறவங்க பிரச்சாரமே பண்ணாங்க, அந்த வருசங்கள்ல தற்செயலா மழையும் நல்லா பெய்ஞ்சதால ஜனங்களும் நம்பிட்டாங்க. முதல் உலகப்போர்ல கோதுமை விலை ஏறினதும் ஆழமா வேர் விட்டு மண்ணை கட்டிப் பிடிச்சிருந்த புல்லை எல்லாம் டிராக்டர் விட்டு புரட்டிட்டாங்க. 1930கள்ல வறட்சி வந்துச்சு, பயிர் செத்துச்சு, மண்ணை பிடிக்க ஆள் இல்ல. 1935 ஏப்ரல் 14, கருப்பு ஞாயிறுன்னே பேரு, பகல்ல இருட்டாக்கற அளவுக்கு புழுதி. அதே மாசத்துல மண் பாதுகாப்பு சட்டம் பாஸ் ஆயிடுச்சு. பின்னாடி கம்ப்யூட்டர் மாடல்ல போட்டுப் பார்த்தப்ப, பறந்த புழுதியே வெயிலை மறைச்சு ஆவியாகறதை குறைச்சு மழையை இன்னும் குறைச்சிருக்குன்னு தெரிய வந்துச்சு.

கேள்வி: நகரத்து கான்கிரீட் தான் பூமி சூட்டுக்கு காரணம்னு என் மாமா சொல்றார்.

மாமா கிட்ட சொல்லுங்க, நகரம் தனக்குள்ள சூடாகறது உண்மை, லூக் ஹோவர்டுன்னு ஒருத்தர் 1800களோட ஆரம்பத்துலயே லண்டன்ல தெர்மாமீட்டர் வச்சு அளந்து காட்டிட்டார். ஆனா கட்டடமும் ரோடும் பூமி நிலப்பரப்புல 1 சதவீதம் போல தான், உலக சராசரியில அதோட பங்கு ரொம்ப கம்மி. கடலும் தான் சூடாகுது, அங்க ஏது கான்கிரீட்?

மனுசன் வாழத் தோதான நிலத்துல கிட்டத்தட்ட பாதியை பிடிச்சிருக்கறது விவசாயம். அதுலயும் முக்கால் பங்குக்கு மேல மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் போகுது, அதுல இருந்து வர்ற கலோரி மொத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. மேய்ச்சல் நிலத்துல பெரும்பகுதி பயிர் வைக்க ஆகாதுங்கறதையும் சேர்த்து சொல்லிடறேன், இல்லன்னா அடுத்த வாரம் அதுக்கு தனி கடுதாசி வரும்.

கேள்வி: அழிச்சதை திரும்ப கொண்டு வர முடியுமா? அப்படி முடிஞ்சா கார், ஃபேக்டரி பத்தி கவலைப்படாம இருக்கலாமே?

முதல் பாதிக்கு ஆமாம். பிரான்ஸ்ல 19ம் நூற்றாண்டோட முதல் பாதியில இருந்த காடு இன்னிக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. கோஸ்டாரிகாவுல 1980கள்ல கால்வாசிக்கு சுருங்கினது இப்ப பாதிக்கு மேல வந்திருக்கு, 1996 வனச் சட்டமும் காட்டை காப்பாத்தற நிலக்காரருக்கு அரசாங்கமே பணம் கொடுத்ததும் உதவிச்சு, மாட்டிறைச்சி ஏற்றுமதி படுத்ததும் உதவிச்சு. பிரேசில் 2004ல ஒரே வருசத்துல 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல அமேசானை இழந்துச்சு, 2012ல அது 5,000க்கும் கீழ வந்துச்சு, சாட்டிலைட்டும் போலீசும் காட்டை அழிக்கறவங்களுக்கு கடன் கிடையாதுங்கற கட்டுப்பாடும் சேர்ந்தா முடியும்னு காட்டினாங்க. அப்புறம் ஆட்சியும் மனசும் மாறினப்ப திரும்ப ஏறினதும் நடந்துச்சு. சோவியத் உடைஞ்சப்ப கைவிட்ட கோடிக்கணக்கான ஏக்கர்ல யாரும் நடாமலே காடும் புல்லும் வளர்ந்து கார்பனை இழுத்துச்சு. இதுல ஒரு திருட்டுத்தனமும் உண்டு, தன் நாட்டுல காட்டை வளர்த்துக்கிட்டு சோயாவையும் பாமாயிலையும் இறக்குமதி பண்ணா வேற ஒரு நாட்டுக் காடு தான் விழுது, கணக்குல மட்டும் இவங்க பச்சை.

ரெண்டாவது பாதிக்கு இல்ல. இப்பவே நாம விடற கார்பன் டை ஆக்சைடுல கிட்டத்தட்ட 30 சதவீதத்தை நிலம் தான் எடுத்துக்குது, அதுவும் வறட்சி வர்ற வருசம் குறைச்சுக்குது. சரித்திரம் முழுக்க நில உபயோகத்தால போன கார்பன் மொத்தத்தையும் அற்புதமா திரும்ப மண்ணுக்கும் மரத்துக்கும் கொண்டு வந்துட்டோம்னே வைங்க, இந்த நூற்றாண்டு முடிவுல காத்துல இருக்கப் போற அளவுல பத்து லட்சத்துக்கு 40ல இருந்து 70 பங்கு குறையும்னு 2001லயே கணக்கு போட்டாச்சு. 280ல இருந்து 420ஐ தாண்டி வந்துட்டோம். அந்த 40ஐ எடுக்கவே இன்னிக்கு வயலாவும் மேய்ச்சலாவும் இருக்கற நிலம் அத்தனையையும் காட்டுக்கு திருப்பி கொடுக்கணும். அதனால நிலத்துல முதல் வேலை இருக்கற மழைக்காட்டையும் பீட்டையும் தொடாம விடறது, ரெண்டாவது வடிச்ச பீட்டுக்கு தண்ணி காட்டறது, கன்னு நடற விழா எல்லாம் அதுக்கப்புறம். கரியை நிறுத்தற வேலை தனி, அதுக்கு நிலம் ஜாமீன் நிக்காது.